வெல்ட்டாவின் சமையலறை

பன்னிரண்டு யூரோவுக்குப் படிந்தது.
பீட்டர் சந்தையின் பின்வாசலில்
உப்பில் ஊறிய வெள்ளரி விற்பவளுக்கும்
ஸ்கேட்டிங் காலணி விற்பவனுக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை, அதன்மேல்
சாம்பல்நிற உருளை.
ரப்பர் பாதத்தில் மாவு ஒட்டியிருந்தது.
பாடுமா என்றேன்.
பாடும் என்றான் பையன், முதுகைக் காற்றுக்குக் கொடுத்தபடி.
லியெபாயாவில் குளிர்காலப் பேச்சு
இவ்வளவுதான்.

என் கணினிக்கு நீலப்பல் முளைக்கவில்லை.
கப்பல் பட்டறை கணக்கை மூடியபோது
சம்பளப் பாக்கியில் கழித்துக் கொடுத்த பெட்டி.
நகத்தளவு ஒரு துண்டு வாங்கிவந்து
பின்புறத் துளையில் செருகினேன்.
தகரம் மறைக்கிறது என்று
முன்புறத்துக்கு மாற்றினேன்.
தேடு என்றேன்.

எங்கள் குடியிருப்பே திரையில் எழுந்துவந்தது:
ஒஸோல்ஸ் வீட்டுத் தொலைக்காட்சி.
யாருடையதோ ஒரு கைக்கடிகாரம்.
'தொடாதே' என்று பெயர் சூட்டிய ஏதோ ஒன்று,
நாலாம் மாடிப் பிள்ளைகளுடையதாக இருக்கும்.
ஒன்பது வருடம் படிக்கட்டில் தலையாட்டித்
தெரிந்துகொள்ளாததெல்லாம் ஒன்பது நொடியில்.
கடைசி வரி:
வெல்ட்டாவின் சமையலறை.

உருளையை அணைத்தேன், வரி மறைந்தது.
போட்டேன், வந்தது.
ஆக, இதுதான் அது.

பொத்தானை ஐந்தெண்ணும்வரை அழுத்தி இணைத்தேன்.
ஒரு செல்லோ மேசையோரம் வந்து உட்கார்ந்தது.
நான் இழுவைப்படகு ஒன்றின் அடித்தகட்டை
வரைந்துகொண்டிருந்தேன்.
ஆறு பத்துக்கு
பாதி இழுப்பில் செல்லோ அறுந்தது.
ஒரு பெண் குரல்:
"ரைமண்ட்ஸ், கொதிகலன் உத்தரவாதச் சீட்டு
இரண்டாம் இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு அடியில்.
நாங்கள் இன்னும் காளான்தான் பொதிகிறோம். மழை."
மறுபடி அதே. மறுபடி.
நாலாம் தடவை பாதியில் நின்றது.

மறுநாளும் ஆறு பத்து.
அதே சீட்டு, அதே கத்தரிக்கோல், அதே மழை.
பாவம், அவள் குரலுக்காகவே
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார் மனிதர் என்று
நானே ஒரு கதை கட்டி
அதற்குக் கண்ணும் கலங்கினேன்.
மூன்றாம் நாள் மேலே ஏறிப் போனேன்.

கதவைத் திறந்தவர்
வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.
கொதிகலன் செத்து ஐந்து நாளாம்.
போன் வேறு ஊமையாகிவிட்டதாம்.
"அவள் அனுப்பியதை அமுக்குகிறேன், அமுக்குகிறேன்,
உதடு மட்டும் அசைகிற மாதிரி
ஒரு கோடு ஓடுகிறது."
எழுதி அனுப்பச் சொல்லலாமே என்றேன்.
"எழுதினால் பிழை திருத்துவேன் என்று
எழுதுவதை விட்டுப் பதினாலு வருடம்."

"இரண்டாம் இழுப்பறை," என்றேன்,
"கத்தரிக்கோலுக்கு அடியில்."

அவர் பார்த்த பார்வைக்கு
என்னிடம் அளவுகோல் இல்லை.

சீட்டு இருந்தது, ரொட்டித் துகளோடு.
உருளையை மருமகன் கையில் சந்தைக்கு அனுப்பியவர் அவரேதான்.
சமையலறையில் யாரும் இல்லை, எதற்கு என்று.
போனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அது தினமும் வேலை முடிந்து வந்து
தரைக்குக் கீழே இருந்த பழைய இடத்தைப்
பிடித்துக்கொண்டது.

பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டார்.
இந்தச் சாதனத்தை மறக்கவா, என்று கேட்டது.
கட்டைவிரல் இறங்கவில்லை.
"அயர்லாந்திலிருந்து வந்து
அது எங்கே என்று கேட்டால்?"
"கீழே அனுப்புங்கள்."
அழுத்தினார்.
இரண்டு பேரும் துள்ளும் சத்தத்தில்
போன் கூவியது: மழை.

இப்போது செல்லோ அறுவதில்லை.
இழுவைப்படகு முடிந்து
ஒரு மிதவைக்கு வந்திருக்கிறேன்.
மேலே குழாயில் வெந்நீர் ஓடுவது கேட்கிறது.
காலையில் கணினியை எழுப்பினால்
திரை மூலையில் ஒரு வரி:
வெல்ட்டாவின் சமையலறை இணைந்தது.
பெயரை மாற்ற வழி உண்டு,
கையேட்டை இறக்கி வைத்திருக்கிறேன்,
பதினோராம் பக்கம்.
பத்தாம் பக்கம் வரை படித்தாயிற்று.